கேட்கிற காது

மார்ச் 3, செவ்வாய்

பெயிண்டர் இன்று என் சுத்தியலை ஒளித்து வைத்துவிட்டான். பட்டறையில் டிங்கர் நான், பெயிண்டர் அவன். நசுங்கிய வண்டியை நான் தட்டி நிமிர்த்த வேண்டும், அவன் பூசி மறைக்க வேண்டும். பதினோரு வருடமாக இப்படித்தான். காலையில் வெள்ளைக் கார்க்காரர் வந்தார். மூன்று நாள் உயிரைக் கொடுத்து நசுங்கல் எடுத்த கதவை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, "லேசா மேடு தெரியுதே" என்றார். எனக்குக் கை நமநமவென்றது. சின்னச் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் பெரியதை எடுத்தேன். "உங்க மண்டையிலயும் லேசா மேடு தெரியுது சார். அதையும் எடுத்து விட்டுடட்டுமா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். அவர் வண்டியை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

பெயிண்டர் சொன்னான்: "டேய், சாயங்காலம் வரைக்கும் நீ வெறுங்கையாலேயே தட்டு. கோபம் வந்தா எழுதித் தொலை." அதற்குத்தான் மகள் பாப்பாவின் பழைய பள்ளிக்கூட நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

என் மனைவியின் அண்ணன், மச்சான், போட்ட கெடு தொடங்கிப் பதினாறு நாள் ஆகிறது. மே பதினைந்து வரைக்கும் வீட்டில் நான் கை ஓங்கக் கூடாது. ஒரு தடவை ஓங்கினாலும் தன் தங்கச்சியையும் பாப்பாவையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவாராம். சொந்த லாரி, சொந்தத் திமிர். அதுவரை நான் முன்னறையில் படுக்க வேண்டும். அவர்கள் இருவரும் உள்ளறையில் தாழ் போட்டுக்கொள்வார்கள். என் வீட்டில் எனக்கே தாழ்!

எல்லாம் ஜனவரியில் அவள் மேல் விழுந்த ஒரே ஒரு அறைக்கு. காதுச் சவ்வு கிழிந்துவிட்டதாம். ஆஸ்பத்திரிக்கு மச்சான்தான் கூட்டிப் போனார், நான் போகவில்லை. ஒரே அறை. எந்த வீட்டில் இல்லை?

மார்ச் 4, புதன்

பெயிண்டரின் அக்கா போகும் குரல் வகுப்புக்கு என்னையும் தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டான். முதல் மாடியில் ஒரு நீள அறை, பாய் விரித்திருக்கிறது. பத்துப் பன்னிரண்டு பேர். கீழே பல் ஆஸ்பத்திரி. மேலே நாங்கள் சத்தம் போட்டால் கீழே காத்திருக்கிற ஆட்கள் எழுந்து ஓடிவிடுகிறார்களாம். பல் டாக்டர் இரண்டு தடவை மேலே வந்து கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

சொல்லிக் கொடுக்கிற அம்மாவை எல்லோரும் குரலம்மா என்கிறார்கள். முப்பது வருடம் ரயில் நிலையத்தில் 'தாமதமாக வரும்' என்று அறிவித்தவர். நாலு மணி நேரம் தாமதம் என்று அவர் சொன்னால்கூட ஜனங்கள் கோபப்படாமல் உட்கார்ந்திருப்பார்களாம். கேட்டதும் நம்பிவிட்டேன். அப்படிக் குரல்.

"குரல்ங்கிறது தொடாமலே தொடுற கை. அதை எதுக்கு ஓங்குறீங்க?" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது.

வாயை மூடி, நெஞ்செலும்பில் உள்ளங்கையை வைத்து, ம்ம்ம் என்று இழுக்க வேண்டும். இதற்கு 'ம் பிடிப்பது' என்று பெயர். ஒவ்வொருவருக்கும் சொந்த ம் ஒன்று இருக்கிறதாம். அது கிடைத்தால் உடம்பு முழுக்க அதிருமாம், அப்புறம் நமக்கும் கடவுளுக்கும் நடுவில் சுவர் மெலிந்துவிடுமாம். எனக்குத் தகரத்தைத் தட்டிப் பார்த்தே எங்கே பள்ளத்தை அடைத்துப் பட்டி பூசியிருக்கிறது என்று தெரிந்துவிடும். பட்டி பூசிய இடம் மந்தமாகப் பேசும். என் நெஞ்சும் இன்று மந்தமாகத்தான் பேசியது.

ஏன் வந்தீர்கள் என்று வரிசையாகக் கேட்டார்கள். "வீட்டுல மனைவி வழுக்கி விழுந்து காதுல அடிபட்டுடுச்சு. ஏதாவது செய்யலாமேன்னு" என்றேன். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். இப்படி ஒரு புருஷனா என்று ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டது. எனக்கே நான் நல்லவனாகத் தெரிந்தேன்.

மார்ச் 7, சனி

இன்று வெளியே தள்ளும் நாள். உள்ளே இருப்பதையெல்லாம் அலறித் தீர்க்க வேண்டும். வங்கி மேனேஜர் ஒருவர் இருக்கிறார், எறும்பைக்கூட மன்னிப்புக் கேட்டுவிட்டு மிதிக்கிற ஆள். அவர் போட்ட கூச்சலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கூடவே தலையணையைக் குத்திக் குத்திப் பஞ்சை வெளியே எடுத்துவிட்டார். எனக்கு உற்சாகமாக இருந்தது. அடிப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் எல்லாம் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு திரிகிறார்கள்!

அப்புறம் தையல்கார அக்காவின் முறை. ஐம்பது வயது இருக்கும். எல்லோரும் 'ஆ' என்றுதான் அலறுவோம். அந்த அக்கா மட்டும் வார்த்தையாக அலறியது. "போதும்டா! போதும்டா! கொழந்த பாக்குதுடா!" இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு, சுவரோரம் குந்தி உட்கார்ந்துகொண்டு. புருஷன் செத்து ஆறு வருடமாம்.

அந்த உட்காருகிற விதம் எனக்குத் தெரியும். தலையை மூடுவதற்கு முன் முழங்கை வருவது, அப்புறம் முதுகு திரும்புவது. மேலே நின்று பார்த்திருக்கிறேன். எழுந்து கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

மார்ச் 12, வியாழன்

குரலம்மா தினமும் காலையில் தொண்டையைச் சுத்தம் பண்ணிவிட்டு ம் பிடிக்கச் சொல்லியிருந்தார். சமையலறை வாசலில் நின்று ஒரு தடவை செருமினேன்.

டிக். அடுப்பு அணைந்தது.

எட்டிப் பார்த்தால், இவள் வாணலியைப் பின்பக்கம் தள்ளிவிட்டு, சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். கை நனைந்திருக்கிறது. பாப்பா பாதி பின்னலோடு உள்ளறையிலிருந்து ஓடி வந்து நடுவில் நின்றுவிட்டாள். பதினைந்து வயது, உயரத்தில் என் தோளைத் தாண்டிவிட்டாள்.

"நான் ம் பிடிக்கத்தான்..." என்றேன்.

"நீ செருமுனா அம்மா அடுப்பை அணைச்சிடுவா. உனக்குத் தெரியாதாப்பா? அன்னைக்கு எண்ணெய் கொட்டுச்சுல்ல."

"என்னைக்கு?"

பாப்பா காலைத் தூக்கிக் காட்டினாள். புறங்காலில் அந்தத் தழும்பு. சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு என்று இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். யார் அப்படிச் சொன்னார்கள்? யாரும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

எங்கள் அப்பா அடிப்பதற்கு முன் ஒரு தடவை செருமுவார். பெல்ட் உருவுகிற சத்தம் அதற்கு அப்புறம்தான் வரும். செருமல் கேட்டதுமே நான் சட்டையை நானே கழற்றிவிடுவேன். சட்டை கிழிந்தால் அதற்குத் தனியாக விழும். ஒரு நாள் கொக்கி பட்டு என் புருவம் பிளந்தது; ரத்தம் கண்ணில் இறங்கி ஒன்றும் தெரியவில்லை; அப்போதும் எண்ணிக்கை முடிகிற வரை அவர் நிறுத்தவில்லை. அந்தச் செருமலை நான் எங்கேயோ விட்டுவிட்டு வந்தேன் என்றல்லவா நினைத்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

சிக்னலில் பைக்கில் வந்த ஒருவனின் காலரைப் பிடித்துத் தூக்கினேன். அவன் கால் தரையில் இல்லை. வீட்டுக்குள் அடிக்கக் கூடாது என்றுதான் கெடு. தெருவைப் பற்றி மச்சான் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 19, வியாழன்

பெயிண்டரை அடித்துவிட்டேன்.

ஒரு வண்டியின் மட்கார்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டே, அதன் பக்கத்தில் வாயை வைத்து ம்ம்ம் என்று என்னைப் போல இழுத்துக் காட்டினான். சிரித்தேன். மறுபடியும் இழுத்தான். சிரித்தேன். மூன்றாவது தடவை, "தங்கச்சி காதுல போய் இப்படி ரீங்காரம் போடப் போறியாக்கும். அதுக்கு முதல்ல அந்தக் கையை வெட்டி வீசிட்டுப் போ" என்றான்.

அவன் முகம் திரும்புவதற்குள் குத்து இறங்கிவிட்டது. பட்டி கலக்குகிற தகட்டின் மேல் விழுந்தான். சாம்பல் நிறப் பட்டி, அதில் சிவப்பாக ரத்தம், நடுவில் ஒரு பல். என்ன செய்வது என்று தெரியாமல் நான் அந்தப் பல்லை எடுத்துத் துடைத்துக்கொண்டு நின்றேன். அவன் திருப்பி அடிக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, "குடு அதை. என்னுது" என்றான்.

கேட்டேன்: நீ ஏன்டா திருப்பி அடிக்கலை? "நான் அடிச்சா நீ நிம்மதியா வீட்டுக்குப் போயிடுவ" என்றான்.

மார்ச் 21, சனி

வகுப்பில் ம் பிடித்துக்கொண்டிருக்கும்போது பெயிண்டரிடமிருந்து செய்தி வந்தது. 'கீழதான் இருக்கேன். மேல நீ ம்ம்ங்கிற, கீழ நான் ஆஆன்னு கெடக்கேன். கொஞ்சம் மெதுவாப் புடி, டாக்டர் கை நடுங்குது.'

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வகுப்பில் இரண்டுமே நல்லதுதான் என்பார்கள்.

மார்ச் 25, புதன்

இன்று என் ம் கிடைத்துவிட்டது. அடிவயிற்றிலிருந்து ஏறி, நெஞ்செலும்பில் நின்று, பல் வரைக்கும் அதிர்ந்தது. எனக்குள் இருந்து இவ்வளவு மெதுவான ஒன்று வருமா? அரை மணி நேரம் எனக்கு யார் மேலும் கோபம் இல்லை. வெள்ளைக் கார்க்காரர் மேல்கூட இல்லை. குரலம்மா பக்கத்தில் வந்து கேட்டுவிட்டு, "இந்தக் குரலை வச்சுக்கிட்டா கத்திக்கிட்டுத் திரிஞ்சீங்க?" என்றார்.

அடிபட்டவர்களுக்கு இதைச் செய்யலாமா என்று கேட்டேன். "அவங்க சம்மதம் கேட்டுட்டு, வலி இருக்கிற இடத்துக்குப் பக்கத்துல பிடிங்க, ஆறுதலா இருக்கும். சரியாயிடும்னு நான் சொல்லலை. அதுக்கு டாக்டர் இருக்காங்க" என்றார். சரியாகாது என்றும் அவர் சொல்லவில்லையே.

மார்ச் 26, வியாழன்

கேட்டேன். இவளிடம்தான், பல்லைக் கடித்துக்கொண்டு, கெஞ்சாத குறையாக. உன் காது பக்கத்துல உட்கார்ந்து தினமும் ம் பிடிக்கட்டுமா, இருபத்தொரு நாள்.

 "எந்தப் பக்கம் உட்காருவீங்க?" என்றாள்.

அவளுடைய இடது பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் நாற்காலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பாப்பா என்னவோ சொல்ல வாயெடுத்தாள், இவள் கண்ணாலேயே அடக்கிவிட்டாள். வெட்கம் போலிருக்கிறது.

சாயங்காலம் ஆறு மணி. வாசல் கதவு திறந்தே இருந்தது, பாப்பா படியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். ஒரு சாண் தூரத்தில் வாயை வைத்துப் பத்து நிமிடம். முதலில் அவள் கழுத்து நரம்பு விறைத்திருந்தது. கடைசியில் கொஞ்சம் இறங்கியது. ஜனவரிக்கு அப்புறம் இவ்வளவு பக்கத்தில் நான் போனதே இல்லை.

ஏப்ரல் 2, வியாழன்

எட்டாம் நாள். "கேட்குதா?" என்றேன். "நல்லாக் கேட்குது" என்றாள்.

கேட்குது! நல்லாக் கேட்குது! பட்டறைக்கு ஓடிப்போய்ப் பெயிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். "விடுடா, தையல் போட்ட வாய்" என்று கத்தினான்.

ஏப்ரல் 4, சனி

வகுப்பில் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். மேனேஜர் எழுந்து வந்து என் காலைத் தொடப் பார்த்தார். குரலம்மா மட்டும் முகத்தைச் சுருக்கிக்கொண்டு, "டாக்டர்கிட்டக் காட்டுனீங்களா? முதல்ல காட்டுங்க" என்றார். பொறாமை என்று நினைக்கிறேன்.

இன்று முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து ம் பிடிக்கிற பயிற்சி. எனக்கு வாய்த்தது தையல்கார அக்கா. பாதியில் நிறுத்திவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னது: "வழுக்கி விழுந்தா தலையில அடிபடும், இடுப்புல அடிபடும். காதுல படாது தம்பி. நான் நாலு தடவை அப்படி 'விழுந்திருக்கேன்'."

திரும்பி அந்த முதுகில் முழங்கையை இறக்கியிருப்பேன். இறக்கவில்லை. ம்ம்ம் என்று இழுத்துக்கொண்டே இருந்தேன், சத்தம் கூடக்கூட அந்த அக்கா பேசியது எனக்கே கேட்காமல் போகும் என்று.

ஏப்ரல் 10, வெள்ளி

வேலை பார்க்கும் கூரியர் ஆபீசில் இவளைப் போன் எடுக்கிற மேஜையிலிருந்து பார்சல் பிரிக்கிற இடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். மாற்றி இரண்டு மாதம் ஆகிறதாம். பாப்பா சொல்லித்தான் எனக்கே தெரியும். பரவாயில்லை, காதுதான் சரியாகிக்கொண்டு வருகிறதே.

ஏப்ரல் 15, புதன்

இருபத்தொன்று முடிந்தது. வெள்ளிக்கிழமை காது டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். கெடு முடிய இன்னும் முப்பது நாள். அதற்கு முன்பே மச்சான் வாயடைத்துப் போவார்.

ஏப்ரல் 17, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கண்ணாடி அறைக்குள் இவளை உட்கார வைத்து, காதில் பெரிய ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். வெளியே நானும் பாப்பாவும். அழுத்தினாள், அழுத்தினாள். நான் பாப்பாவைப் பார்த்துச் சிரித்தேன். அப்புறம் கருவியை இயக்கிய பெண் எதையோ மாற்றிவிட்டது. இவள் பட்டனைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். கட்டைவிரல் அசையவே இல்லை. கண் மட்டும் கண்ணாடி வழியாக என் மேல் இருந்தது. அப்போதும் நான் சிரித்துக்கொண்டுதான் நின்றேன்.

டாக்டர் சொன்னார்: "வலது காது அப்படியேதான் இருக்கு. சவ்வு மூடலை. ஆபரேஷன் பண்ணிப் பார்க்கலாம், முழுசாக் கேட்கும்னு உறுதி சொல்ல முடியாது."

"டாக்டர், அடிபட்டது இடது காது" என்றேன்.

அவர் பைலைப் பார்த்தார். அப்புறம் இவளைப் பார்த்தார்.

"வலது" என்றாள் இவள்.

பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். பாப்பா அவள் அம்மாவின் வலது பக்கம் ஒட்டிக்கொண்டு நடந்தாள். எப்போதும் அப்படித்தான் நடக்கிறாள்; வண்டி வருகிற சத்தம் அந்தப் பக்கம் கேட்காது என்பதற்காக. இன்றுதான் கண்ணில் படுகிறது.

"ஏன் சொல்லலை?" என்றேன். குரல் ஏறிவிட்டது.

"எந்தக் காதுன்னு உனக்கு ஞாபகம் வருதான்னு பார்த்துக்கிட்டு இருந்தேன்."

உனக்கு. பதினெட்டு வருடத்தில் முதல் தடவை.

"இருபத்தொரு நாள். தினமும் நீ நாற்காலியைத் தூக்கும்போது, இன்னைக்காவது அந்தப் பக்கம் போடுவியான்னு பார்த்தேன்."

"வலது கையாலதானே நான்... அப்போ இடது காதுதானே படும்" என்றேன். கேவலமாக, கணக்கு வாத்தியார் மாதிரி.

பாப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "வலது கையில போன் வச்சிருந்தப்பா. இன்சூரன்ஸ் ஆளுகிட்டப் பேசிக்கிட்டிருந்த. அம்மா குறுக்கே என்னமோ கேட்டா. செருமுன. இடது கையால அடிச்ச. அம்மா கதவுல மோதி விழுந்தா. நீ போனைக்கூட வைக்கலை. 'சொல்லுங்க சார்'னு பேசிக்கிட்டே வெளியில போயிட்ட."

சொல்லுங்க சார். சொல்லுங்க சார். ஆமாம், அந்தப் போன் ஞாபகம் இருக்கு. பம்பர் மாத்தணுமா வேண்டாமான்னு பேசுனது அப்படியே ஞாபகம் இருக்கு. கதவு ஞாபகம் இல்லை. என்னடா மனுஷன் நீ? பம்பர் ஞாபகம் இருக்கு, பொண்டாட்டி விழுந்தது ஞாபகம் இல்லையா?

ஏப்ரல் 18, சனி

வீட்டுக்குப் போகவில்லை. போயிருந்தால் அடித்திருப்பேன். வெட்கமாக இருந்ததா, கோபமாக இருந்ததா என்று கேட்டால், கோபம்தான். என்னைக் கோமாளி ஆக்கிட்டாளே. இருபத்தொரு நாள் கேட்கிற காதுல என்னை ம்ம்ம்னு கத்த விட்டுட்டு, நல்லாக் கேட்குதுன்னாளே! கழுத்தைப் பிடிச்சிருப்பேன். ஆமா, பிடிச்சிருப்பேன்.

பட்டறையில் ஒரு சிவப்புக் கார் பெயிண்ட் முடிந்து பளபளவென்று நின்றுகொண்டிருந்தது. பெரிய சுத்தியலை எடுத்து பானெட்டில் இறக்கினேன். ஒன்று, இரண்டு, கண்மண் தெரியாமல். விளக்கு சிதறியது, முன்கண்ணாடி உள்ளே போய் விழுந்தது, என் நெற்றியில் சில்லு ஏறியது. பெயிண்டர் ஓடி வந்தான். நிறுத்தச் சொல்லவில்லை, ஷட்டரை இறக்கிவிட்டு ஓரமாக நின்றான். தன் வேலையை நான் கொல்லுவதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

அப்புறம் இடது கையை பானெட்டின் விளிம்பில் வைத்தேன். வைத்தேனா, வழுக்கியதா? எனக்கே தெரியவில்லை. சுத்தியல் அதன் மேல் வந்தது. இரண்டு விரல் உடைந்திருக்கிறது. எலும்பு முறிந்த சத்தம் நன்றாகவே கேட்டது. எனக்குத்தான் இரண்டு காதும் நன்றாக இருக்கிறதே.

இதை வலது கையால் எழுதுகிறேன்.

ஏப்ரல் 20, திங்கள்

கட்டுப் போட்ட கையோடு வீட்டுக்குப் போனேன். தெருவில் லாரி நின்றது.

"நான் அடிக்கலையே! கெடு இன்னும் முடியலையே!" என்று வாசலிலேயே கத்தினேன்.

இவள் பையைக் கீழே வைத்துவிட்டு நேராகப் பார்த்துப் பேசினாள். "நீ அடிக்கலை. சரி. ஆனா நீ அடிக்காம இருக்கிறதுக்கு நான் பக்கத்துல உட்கார்ந்து காவல் காக்கணுமா? உன் தொண்டையைக் கேட்டுக்கிட்டு, உன் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு? இருக்கிறது ஒரு காது. அதுக்கு வேற வேலை இல்லையா?"

எழுதிக் கொடுக்கப் போகிறாளாம். எல்லாவற்றையும். குடும்ப விவகாரம் பார்க்கிற ஆபீசில்.

மச்சான் படியேறி வந்தார். இரண்டு ஆள் தாட்டியம். அடிப்பார் என்று கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். அடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். "மாப்ள, கையை நல்ல டாக்டர்கிட்டக் காட்டுனீங்களா?" என்றார். பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்.

பாப்பா திரும்பிப் பார்த்தாள். நான் என்னவோ சொல்ல வாயைத் திறந்தேன். ம் கூட வரவில்லை.

ஏப்ரல் 25, சனி

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு குரலம்மாவிடம் சொன்னேன். விழவில்லை, நான்தான் அடித்தேன். எந்தக் காது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அவர் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டி முடித்துச் சுவரோரம் சாய்த்தார்.

"நீங்க ம் பிடிக்கிறதுல கெட்டிக்காரர். ஆனா அது வாயை மூடிக்கிட்டுப் போடுற சத்தம். இத்தனை நாள்ல வாயைத் திறந்து ஒரு உண்மை சொன்னீங்களா?"

"இப்போ சொன்னேனே."

"என்கிட்டச் சொல்லி என்ன பிரயோஜனம்? நான் அடி வாங்கலையே." அப்புறம் அவரே உட்கார்ந்துவிட்டார். "என்மேலயும் தப்பு இருக்கு. நீங்க கேட்குதுன்னு சொன்ன அன்னைக்கே நான் கை தட்டலை நிறுத்தியிருக்கணும். ஸ்டேஷன்லயும் அப்படித்தான். தாமதம்னா நான் சொல்லுவேன். ரத்துன்னா மைக்கை வேற ஒருத்தர்கிட்டக் குடுத்துடுவேன். என் குரல் கெட்ட சேதி சொல்லி யாரும் கேட்டதில்லை."

தையல்கார அக்கா இருக்கிற வகுப்புக்கு இனி வர வேண்டாம் என்றார். சரி என்றேன். கோபம் வந்தது. வந்தது, அவ்வளவுதான்.

மே 6, புதன்

காலையில் சமையலறை வாசலில் செருமல் வந்தது. ஒன்றும் அணையவில்லை. அணைப்பதற்கு ஆள் இல்லை.

மே 15, வெள்ளி

கெடு முடிந்தது. யாரும் வரவில்லை. சிவப்புக் காரின் பானெட்டைச் சம்பளமில்லாமல் தட்டி நிமிர்த்திக்கொண்டிருக்கிறேன். இடது கை இன்னும் மடங்கவில்லை. பெயிண்டர் எதிரில் உட்கார்ந்து, புதுப் பல்லைக் காட்டிக்கொண்டு, "லேசா மேடு தெரியுதே" என்கிறான்.

மே 21, வியாழன்

குடும்ப விவகார ஆபீசுக்குப் போய் வந்தேன். சின்ன அறை, ஒரு மேஜை, மூன்று நாற்காலி, எதிரில் இவள். கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். வெளியே பெஞ்சில் மச்சான், பாப்பா, இன்னும் ஏழெட்டு முன்பின் தெரியாதவர்கள். அதிகாரி அம்மா இரண்டு தாளை என் பக்கம் தள்ளினார். "அவங்க எழுதிக் குடுத்தது. நீங்களே படிங்க, வாய் விட்டு. படிச்சிட்டு எது உண்மை, எது இல்லைன்னு சொல்லுங்க. இங்க இதுதான் வழக்கம்."

ஒன்று இருக்கும், மிஞ்சினால் மூன்று இருக்கும் என்று நினைத்துப் போனேன். பதினொன்று இருந்தது. தேதியோடு, எந்த அறையில் என்பதோடு. அவளுடைய கூரியர் ஆபீஸ் கையெழுத்து, ஒரு அடித்தல் இல்லை.

படித்தேன். கல்யாணமாகி இரண்டாம் மாதம், சாவியைத் தொலைத்ததற்கு, கைவிரலைக் கதவிடுக்கில் வைத்து. பாப்பா வயிற்றில் ஆறு மாதம், மாடிப்படியில். எண்ணெய்ச் சட்டியைத் தட்டிவிட்டது, குழந்தையின் வலது புறங்கால். பெல்ட். பெல்ட் என்று எழுதியிருந்தது. நான் பெல்ட்டைத் தொட்டதே இல்லை என்று யாரிடம் வேண்டுமானாலும் சத்தியம் செய்திருப்பேன். கடைசியாக ஜனவரி, வலது காது, போனை வைக்கவில்லை.

குரல் நடுங்கவில்லை. பழகிய குரல், மெத்தென்று வந்தது. வேறு யாரையோ பற்றிய செய்தி மாதிரி. முடித்ததும் அதிகாரி அம்மா கேட்டார்: "இதுல எது உண்மை?"

"எல்லாம்."

"எல்லாம் ஞாபகம் இருக்கா?"

"நாலுதான் ஞாபகம் இருக்கு மேடம். எல்லாம் உண்மை. எனக்கு ஞாபகம் இல்லாட்டி நடக்கலைன்னு ஆயிடாது."

அவர் எழுதிக்கொண்டார். அப்புறம் இவளிடம் திரும்பி, "கேட்டுக்கிட்டீங்களா? சம்மதம்னா கையெழுத்துப் போடுங்க" என்றார்.

இவள் பேனாவை எடுக்கவில்லை. மேஜைக்குக் குறுக்கே, மூன்றடி தூரம், கேட்கிற காது என் பக்கம்தான் இருந்தது.

"கேட்கலை மேடம்" என்றாள். "இவரை மறுபடியும் படிக்கச் சொல்லுங்க. சத்தமா."

வெளியே பெஞ்சில் பேச்சு நின்றது. பாப்பா எழுந்து கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். நான் தாளை எடுத்து, வாயைத் திறந்து, ஒன்றிலிருந்து தொடங்கினேன்.